துருத்தி வைத்த எஞ்சின்



சைக்கிளுக்குக் காற்றடித்து முடித்த கையோடு பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சுடும். காற்றை இறுக்கினால் அது சூடாகும். இன்றைக்கு நான் சொல்ல வந்த கதை முழுக்க அந்தச் சூட்டோடு பொறியாளர்கள் போட்ட மல்லுக்கட்டுதான்.

சாதாரண கார் எஞ்சின் தன் மூச்சைத் தானே இழுத்துக்கொள்கிறது. பிஸ்டன் கீழே இறங்க, வெளிக்காற்று சிலிண்டருக்குள் புகுகிறது. வந்த காற்றுக்கு ஏற்ற அளவுதான் பெட்ரோல் எரியும். எரிந்த பெட்ரோலுக்கு ஏற்ற அளவுதான் சக்தி. கொல்லன் உலையில் எத்தனை கூடை கரியைக் கொட்டினாலும் துருத்தி ஊதாமல் இரும்பு பழுக்குமா? டர்போ என்பது எஞ்சினுக்கு வைத்த துருத்தி. அதை ஊத ஆள் வேண்டாம். சைலன்சர் வழியாக வீணாய்ப் போகும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அள்ளி, அழுத்தி, எஞ்சினுக்குள் திணிக்கும். வேகம், நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டும். ஆல்ஃபிரட் பியூகி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905-லேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றார்.

அப்படியானால் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் ஒரு டர்போவை மாட்டி நாலு போல்ட்டை முடுக்கினால் ஆயிற்று என்று தோன்றும். ஆகாது. ஏன் என்று பார்க்க, ஜெர்மனியின் மியூனிக் நகரத்துக்குப் போவோம்.

பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1973-இல் '2002 டர்போ' என்ற காரை அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்பே இருந்த '2002 டிஐஐ' என்ற காரின் எஞ்சின்தான் அடிப்படை. நான்கு சிலிண்டர், இரண்டு லிட்டர், 130 குதிரைசக்தி. அதில் பிஸ்டன் மேலே ஏறும்போது உள்ளே இருக்கும் கலவையை ஒன்பதரையில் ஒரு பங்காக நசுக்கும். சும்மா வந்த காற்றை அப்படி நசுக்கலாம். டர்போ ஏற்கெனவே அழுத்திச் சூடாக்கி அனுப்பிய காற்றையும் அதே அளவுக்கு நசுக்கினால்? ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவி முடிவதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தானாகவே வெடித்துவிடும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பார்களே, அதுதான். உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவதுபோலக் கேட்கும். விட்டுவைத்தால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

ஆகவே அவர்கள் முதலில் செய்த வேலை, நல்லாயிருந்த எஞ்சினின் பலத்தைக் குறைத்தது. ஒன்பதரையாக இருந்த நசுக்கலை 6.9-க்கு இறக்கினார்கள். பிறகுதான் டர்போ. கணக்குத் தீர்ந்தபோது கையில் வந்தது 170 குதிரைசக்தி.

கணக்கில் ஒரு கடனும் நின்றது. மெதுவாகப் போகும்போது புகை குறைவு, டர்போ சுற்றாது, அப்போது இது பழைய எஞ்சினைவிடச் சோனி. ஆக்சிலேட்டரை மிதிப்பீர்கள், ஒன்றும் நடக்காது. இன்னும் மிதிப்பீர்கள். சுற்று மூவாயிரத்தைத் தாண்டி நாலாயிரத்தை நெருங்கும் நேரத்தில் முதுகில் ஓர் உதை விழும். வளைவில், மழை ஈரத்தில் அந்த உதை விழுந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன். பிரேக்கையும் பலப்படுத்தித்தான் விற்றார்கள்.

காரின் முன்பக்கத்தில் 'டர்போ' என்று கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரியும்படி இடவலம் மாற்றி எழுதியிருந்தார்கள். முன்னால் போகிறவர் கண்ணாடியில் படித்துவிட்டு ஒதுங்க வேண்டுமாம்! இந்த மிடுக்கு ஜெர்மானியர்களுக்கே பிடிக்கவில்லை, கண்டனம் கிளம்பியது. போதாக்குறைக்கு அந்த ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் வரத்தைக் குறைத்தன. நவம்பர், டிசம்பரில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் மேற்கு ஜெர்மனியில் கார் ஓட்டவே தடை. பெட்ரோல் குடிக்கும் காரை அப்போது யார் வாங்குவார்கள்? மொத்தம் 1,672 கார்களோடு உற்பத்தி நின்றது.

ஆனால் அந்த எஞ்சினின் கதை அங்கே நிற்கவில்லை. அதன் வம்சம் 1962-இல் விற்பனைக்கு வந்த 'பி.எம்.டபிள்யூ. 1500' என்ற குடும்பக் காரில் தொடங்குகிறது. கொள்ளளவு 1,499 சிசி, 80 குதிரைசக்தி. வடிவமைத்தவர் அலெக்ஸ் ஃபோன் ஃபால்கென்ஹௌசன். நிறுவனம் கேட்டது 1.3 லிட்டர், பின்னால் பெரிதாக்க இடம் வேண்டும் என்று வாதாடி ஒன்றரை லிட்டராக்கியவர் அவர். வீடு கட்டும்போதே மாடிக்கும் சேர்த்து அஸ்திவாரம் போடுகிற ஆள்.

எண்பதுகளில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் டர்போ எஞ்சினுக்கு ஒன்றரை லிட்டர் வரம்பு இருந்தது. பவுல் ரோஷே என்ற பொறியாளர் இந்தப் பழைய எஞ்சினின் வார்ப்பிரும்பு பிளாக்கையே, அதாவது சிலிண்டர்கள் அமைந்த அடிக்கூட்டையே, எடுத்தார். புதுப் பிளாக் அவருக்கு வேண்டாம். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிளாக்குகளைத் தேடிப் பிடித்தார்கள். பச்சை மரத்தில் கதவு செய்தால் கோணிக்கொள்ளும், நன்றாகக் காய்ந்த மரம் அசையாது என்று நம் ஆசாரிகள் சொல்வார்களே, வார்ப்பிரும்புக்கும் அதே நியாயம். ஆயிரக்கணக்கான முறை சூடாகி ஆறிய பிளாக்கில், வார்க்கும்போது உள்ளே தங்கிய இறுக்கமெல்லாம் தளர்ந்திருக்கும்.

1983 அக்டோபர் 15. தென்னாப்பிரிக்காவின் கியாலாமி பந்தயத் தடத்தில் ஆண்டின் கடைசிப் பந்தயம். புள்ளிப் பட்டியலில் முன்னிலையில் இருந்தவர் பிரான்சின் அலன் ப்ரோஸ்ட். பாதி வழியில் அவருடைய காரின் டர்போ கைவிட்டது; பந்தயத்திலிருந்து விலகினார். பிரேசிலின் நெல்சன் பிக்கே மூன்றாவதாக வந்து, இரண்டே புள்ளி வித்தியாசத்தில் உலகப் பட்டத்தை எடுத்துக்கொண்டார். டர்போ காரில் ஒருவர் அந்தப் பட்டத்தை வெல்வது அதுவே முதல் முறை. அவர் முதுகுக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருந்தது, குடும்பங்கள் கடைகண்ணிக்குப் போய்வர வார்த்த அதே பிளாக்.