தப்புக்கு ஏன் சுருதி இல்லை?



எங்கள் கல்லூரி வாணி விழாவிலே மிருதங்கத்துக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற மாணவன் ஒருவன் மெல்லக் கேட்டான்: "சேர், அப்பா அடிக்கிற தப்புக்கு ஏன் சுருதி இல்லை? அது குறைந்த வாத்தியமா?" அவன் மீரியபெத்தப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை. பறையைக் கருப்பொருள் என்று இருபது ஆண்டுகளாகப் படிப்பித்து வரும் எனக்கு உடனே விடை வரவில்லை.

விடை, திருச்சிராப்பள்ளியிலே பிறந்த சி. வி. இராமனின் ஆய்விலே கிடைத்தது. வீணைத் தந்தியை மீட்டினால், அடிச்சுரத்தோடு அதன் 2, 3, 4 மடங்கான ஒலிகளும் ஒழுங்காய் எழுகின்றன. காது அவற்றை ஒரே சுரமாகக் கொள்கிறது. சீரான வட்டத்தோலில் அவை, கணக்கின்படி, 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒன்றோடொன்று இணங்காமல் எழும். அதனால் சுரம் தெளிவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலை நடுவே அப்பிய கரிய சோறு, தன் பாரத்தினால் அந்த அதிர்வுகளை முழுமடங்குகளுக்குக் கொண்டுவருகிறது. இராமனும் சிவகாளி குமாரும் இதனை 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். முழவின் கண்ணில் மண் பூசுவதையோ சங்கப் புலவர்களே பாடியிருக்கிறார்கள். கை கண்டதை விஞ்ஞானம் பின்னர் அளந்தது.

தப்பிலே அந்தப் பாரம் இல்லை, வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அதை அடிப்பவருக்கும் காது வேண்டும். ஊவா மலைப் பனியில் தோல் ஈரத்தை உறிஞ்சித் தளரும், ஒலி தாழும். நெருப்பிலே காய்ச்சினால் தோல் விறைத்து ஒலி ஏறும். எந்த அளவில் நிறுத்துவது என்பதைத் தட்டித் தட்டிக் கேட்டே அறிகிறார்கள்.

பாடகருக்கு இசைந்து ஒலிப்பது தப்பின் வேலையன்று. அன்று பிரட்டுக்கு ஆட்களை எழுப்பியதும், காமன் கூத்தை ஆடவைப்பதும், இறந்தவரை வழியனுப்புவதும் அதுதான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை. தப்பொலியோடு வழியனுப்பப்படும் அந்தக் கடைசி மரியாதைகூட அவர்களுக்கு வாய்க்கவில்லை. அந்த மண்ணின் பிள்ளைக்கு முன்னால் தப்பைக் குறைந்த வாத்தியம் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் அவனிடம் சொன்னேன்: "தம்பி, மிருதங்கம் சுருதியோடு சேரும். தப்பு சனத்தோடு சேரும். இரண்டும் தோல்தான்."

"அப்பாவிடம் சொல்கிறேன் சேர்" என்றான்.