தார் நின்ற இடம்



சுங்கை சிப்புட்டில் நின்றுகொண்டு ரோட்டைப் பற்றிப் பேசத் துணிச்சல் வேண்டும். இத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் பொதுப்பணி அமைச்சராக இருந்தவர். 1974இல் இங்கே வென்று 2008 வரை தொகுதியை வைத்திருந்த துன் சாமிவேலுவும் பொதுப்பணி அமைச்சராக இருந்தவர்தான். நாட்டுக்கே ரோடு போடும் நாற்காலி நம் ஊர் உறுப்பினர்கள் இரண்டு பேருக்குக் கிடைத்தது. தோட்டத்து வழி மட்டும் ஏன் இன்னும் செம்மண்ணாகக் கிடக்கிறது?

அமைச்சரைத் திட்டினால் மனசு ஆறும், பணம் வராது. பணம் வருகிற வழியைப் பார்ப்போம்.

ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பெரிய சாலை கூட்டரசுச் சாலை. அதன் செலவு கூட்டரசுடையது, விடுங்கள். மாநிலச் சாலைகளுக்கு அரசமைப்புச் சட்டத்தின் 109ஆவது விதிப்படி ஆண்டுதோறும் மானியம் வருகிறது. கணக்கு 10ஆவது அட்டவணையில் இருக்கிறது: குறைந்தபட்சத் தரத்தில் ஒரு மைலைப் பராமரிக்க ஆகும் சராசரிச் செலவு, பெருக்கல், தகுதி பெற்ற சாலையின் நீளம். குழி எத்தனை, அதில் விழுந்தவர் எத்தனை பேர் என்று அந்தக் கணக்கு கேட்பதே இல்லை! நீளத்தைத்தான் கேட்கிறது. அந்த நீளம் ‘மாரிஸ்’ என்கிற சாலைப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும்.

தோட்ட வாசலுக்குப் போய்ப் பாருங்கள். கத்தியால் வெட்டியதுபோல் தார் ஒரே கோட்டில் நிற்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் குழி விழுந்தால் ஒட்டுப் போட ஆள் வரும். அந்தப் பக்கம் கம்பெனி நிலம். செம்பனைக் குலை ஏற்றிய லோரி உழுதுவிட்டுப் போன தடத்தில்தான் பள்ளிக்கூட வேன் தத்தளிக்கிறது. மரம் வெட்டி, லயத்தை இடித்து, தோட்டம் கைமாறி, அக்கம்பக்கத்தில் தாமான் முளைத்த பிறகும் அந்த வழி தனியார் வழிதான். பதிவேட்டில் அதன் நீளம் சுழியம். சுழியத்தை எதால் பெருக்கினாலும் என்ன வரும்?

தேர்தலுக்கு முன்னால் இரண்டு லோரி கல் கொட்டுகிறார்களே, அது இந்த மானியக் கணக்கில் வருகிற பணமல்ல. அடுத்த மழைக்குக் கல் போய்விடும். மறுபடி கேட்க அடுத்த தேர்தல் வர வேண்டும்.

ஆகவே இன்றைய தீர்மானத்தில் “தார் போட்டுத் தருக” என்ற வரியை அடித்துவிடச் சொல்கிறேன். அதற்குப் பதில் இப்படி எழுதுங்கள்: பொதுமக்கள் நடமாடும் தோட்ட வழிகளை நில உரிமையாளர் மாநிலத்திடம் ஒப்படைக்க வேண்டும், நில அலுவலகம் அதைச் சாலை நிலமாக ஒதுக்க வேண்டும், நகராண்மைக் கழகம் அளந்து பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் இரண்டு பேர் கைதூக்குங்கள், வழியின் வரைபடத்தையும் நில கிராண்ட் நகலையும் தேடிக் கொண்டுவரும் பொறுப்பு யாருக்கு என்று இப்போதே பெயர் எழுதிக்கொள்வோம்.