ஐந்து எண்ணிக்கையில் ஒரு பயம்

உலக சினிமாவிலிருந்து ஒரு பேய்ப்படம் பற்றிப் பேச முடியுமா என்று வானொலி நிலையத்தில் கேட்டார்கள். பேய் வேண்டாம், கொலைகாரன் போதும் என்றேன். 1978இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஹாலோவீன்’ என்ற படம்தான் அது. இயக்கியவர் ஜான் கார்பெண்டர். நான் திரைப்பட விமர்சகன் இல்லை. வானொலி நாடகங்களுக்கு ஒலி சேர்த்தே முடி நரைத்தவன். அதனால் இந்தப் படத்தைப் பற்றி என் காது என்ன சொல்கிறதோ, அதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இல்லினாய் மாநிலத்தில் ஹேடன்ஃபீல்டு என்று ஒரு கற்பனை ஊர். வரிசையாக வீடுகள், முன்னால் வெட்டிவிட்ட புல்தரை, நடைபாதை, ஓரமாக மரங்கள். சத்தமே இல்லாத புறநகர்த் தெருக்கள். 1963 அக்டோபர் 31ஆம் தேதி இரவு அந்த ஊரில் ஆறு வயதுப் பையன் ஒருவன் தன் அக்காவைக் கத்தியால் குத்திக் கொன்றுவிடுகிறான். அவன் பெயர் மைக்கேல் மையர்ஸ். பதினைந்து வருடம் மனநல மருத்துவமனையில் கிடந்தவன் அங்கிருந்து தப்பித்து, மறுபடி அதே அக்டோபர் 31க்கு ஊர் திரும்புகிறான். அன்றைக்கு அங்கே ஹாலோவீன். குழந்தைகள் பேய் பிசாசு வேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். பெரியவர்கள் வெளியே போய்விடுவார்கள். பள்ளிக்கூடத்துப் பெண்கள் கூலிக்குக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார்கள். ஊரே முகமூடி போட்டிருக்கும் இரவில் உண்மையான கொலைகாரன் ஒருவனும் முகமூடியோடு நடந்தால் யாருக்குத் தெரியும்? லோரி என்கிற மாணவியின் கண்ணில் பகலிலேயே அவன் படுகிறான். வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே நிற்கிறான். வேலி ஓரம் நிற்கிறான். காயப்போட்ட துணிகளுக்கு நடுவே நிற்கிறான். மறுபடி பார்த்தால் இல்லை.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். உங்கள் பக்கத்தில் மேசை இருந்தால் விரலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். தகிட, தகிட, தக, தக. மறுபடி, தகிட, தகிட, தக, தக. ஒரு சுற்றுக்கு மொத்தம் பத்து. இரண்டிரண்டாக எண்ணினால் ஐந்து. கர்நாடக சங்கீதம் கேட்கிறவர்கள் கண்டம் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அந்தப் படத்தின் முகப்பிசை இவ்வளவுதான். ஒரு பியானோ, அடியில் சிந்தசைசரில் இழுத்துப் பிடித்த சில சுரங்கள். சினிமாப் பாட்டு கேட்டுப் பழகிய கால், நான்கு நான்காகத் தாளம் போடும். இந்த இசை நான்கில் நிற்காது. நாம் காலை ஊன்றப் போகும்போது தரை அரை அடி தள்ளிப் போயிருக்கும். திரையில் இன்னும் எதுவுமே நடக்கவில்லை, கறுப்புப் பின்னணியில் ஒரு பரங்கிக்காய் விளக்கு எரிகிறது, பெயர்கள் ஓடுகின்றன. நமக்கு மட்டும் வயிற்றில் ஏதோ செய்கிறது.

இசையமைத்ததும் கார்பெண்டரேதான். சுரம் எழுதவோ படிக்கவோ தெரியாதவர். அவருடைய அப்பா கென்டக்கியில் பௌலிங் கிரீன் என்ற ஊரில் கல்லூரி இசைப் பேராசிரியர். சிறுவனாக இருந்த மகனுக்கு பாங்கோ கொடுத்து இந்த ஐந்து எண்ணிக்கையைத் தட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அது பல வருடம் கழித்துக் கொலைகாரனின் தாளமாகத் திரும்பி வந்தது. படத்தின் பெயர்ப் பட்டியலில் ‘பௌலிங் கிரீன் பில்ஹார்மோனிக் இசைக்குழு’ என்று கம்பீரமாகப் போடுகிறார்கள். அப்படி ஒரு குழுவே கிடையாது. கார்பெண்டர் ஒரே ஆள், உதவிக்கு ஒரு சிந்தசைசர் நிபுணர், அவ்வளவுதான். வானொலிக்காரனுக்கு இது நன்றாகவே புரியும். நாடகத்தில் நீங்கள் கேட்ட கல்யாண ஊர்வலம் முழுவதும் நாங்கள் மூன்று பேர் என்று சொன்னால் நம்புவீர்களா?

படத்தை வெட்டி ஒட்டி முடித்ததும், இசையும் ஒலிகளும் சேர்க்காமலே ஒரு பெரிய ஸ்டூடியோவின் இளம் பெண் அதிகாரிக்குப் போட்டுக் காட்டினாராம் கார்பெண்டர். அந்தம்மாவுக்குத் துளி பயம் இல்லை. இசையால்தான் இதைக் காப்பாற்ற வேண்டும் என்று உட்கார்ந்தவர் அதன்பிறகுதான் இந்த இசையை உருவாக்கினார். இசையோடு பார்த்தபோது அதே அதிகாரி கருத்தை மாற்றிக்கொண்டார். இதைக் கார்பெண்டரே சொல்லியிருக்கிறார். படம் எடுக்கிற தம்பிகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், ஒலிக்காரனுக்குப் பணம் கொடுப்பதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

இசைக்கு அடுத்தது மூச்சு. படத்தின் முதல் காட்சியில் நாம் கொலைகாரனைப் பார்ப்பதில்லை, அவன் கண் வழியாகத்தான் பார்க்கிறோம். வீட்டைச் சுற்றி வருகிறோம், சமையலறையில் நுழைகிறோம், கத்தியை எடுக்கிறோம், மாடி ஏறுகிறோம். வழியில் கிடந்த முகமூடியை அவன் மாட்டிக்கொண்டதும் திரையில் இரண்டு கண் ஓட்டைகள் மட்டும் தெரியும். கூடவே மூச்சு பெரிதாகக் கேட்கத் தொடங்கும். ஒளிப்பதிவாளர் டீன் கண்டி அந்த நீண்ட ஓட்டத்தை எடுத்த விதத்தைப் பலரும் புகழ்வார்கள், புகழட்டும். என் ஓட்டு அந்த மூச்சுக்குத்தான். யாரோ ஒருவருடைய மூச்சு நம் காதுக்குள் கேட்டால், அவர் நம் உடம்புக்குள் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

மூச்சுக்கு எவ்வளவு சக்தி என்று வானொலியிலும் பார்த்திருக்கிறேன். ஒருமுறை நாங்கள் ஒரு கொலை நாடகம் ஒலிபரப்பினோம். கொலைகாரனுக்கு வசனமே இல்லை. செருப்புச் சத்தம், ஒரு இருமல், மூச்சு, இவை மட்டும். அடுத்த வாரம் நேயர் கடிதங்கள் வந்தன. ஒருவர் அவனுக்குக் கன்னத்தில் தழும்பு இருந்தது என்று எழுதினார். இன்னொருவர் அவன் ஒல்லி, ஒரு கால் சாய்த்து நடப்பான் என்று எழுதினார். தழும்பும் கிடையாது, சாய்த்து நடக்கவும் இல்லை. இருமியவர் எங்கள் கேன்டீன் அண்ணன், நல்ல பருமனான மனிதர்.

அதே நாடகத்தில் கதவு திறந்த பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லாமல் விட்டிருந்தேன். ஒலிபரப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே ட்யூட்டி ஆபீசரிடமிருந்து தொலைபேசி, டிரான்ஸ்மிட்டர் போய்விட்டதா என்று. நிசப்தத்தைக் கண்டு நிலையமே பதறுகிறது என்றால் நாடகம் சரியாக வந்திருக்கிறது என்று எனக்கு ஒரே குஷி.

மறுபடி ‘ஹாலோவீன்’. இந்தப் படத்தில் ரத்தம் மிகக் குறைவு. பார்த்தவர்கள் சத்தியம் செய்வார்கள், ஆறாக ஓடியது என்று. காது சொல்வதைக் கண் நம்பிவிடுகிறது. இதில் கார்பெண்டருக்கு முன்னோடி இயக்குநர் ஹிட்ச்காக். 1960இல் வந்த அவருடைய ‘சைக்கோ’வில் கத்திக் குத்தின் சத்தம் ஒரு வகை முலாம்பழத்தைக் குத்தி எடுத்தது. நாங்கள் முட்டைக்கோஸ் பயன்படுத்துவோம், மலிவு. ‘சைக்கோ’வின் குளியலறையில் கொலையாகிற ஜேனட் லீயின் மகள் ஜேமி லீ கர்ட்டிஸ்தான் இதில் லோரியாக வருகிறார். அவருக்கு இது முதல் திரைப்படம்.

ஒரு காட்சியை மட்டும் விட மனமில்லை. இரவில் லோரி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடிக் கதவைத் தட்டுகிறாள், கத்துகிறாள். வாசல் விளக்கு எரிகிறது. ஜன்னல் திரை கொஞ்சம் அசைகிறது. பிறகு விளக்கு அணைந்துவிடுகிறது. ஏதோ பிள்ளைகள் விளையாட்டு என்று உள்ளே இருப்பவர் நினைத்திருக்கலாம். கதவைத் தட்டும் ஒலியை ஸ்டூடியோவில் எப்படியும் செய்துவிடலாம். திறக்காத கதவுக்கு என்ன ஒலி? அதைக் காட்ட கார்பெண்டருக்கு ஒரு விளக்கு போதுமாக இருந்தது. அழகான வீடுகள் நெருக்கமாக நின்றும் அந்தப் பெண் தட்டிய கதவு திறக்கவில்லை. அந்தப் படத்தில் கத்தியைவிட என்னை அதிகம் பயமுறுத்தியது அதுதான்.

நேரம் ஓடுகிறது, மீதியை வேகமாகச் சொல்கிறேன். செலவு ஏறக்குறைய மூன்றே கால் லட்சம் டாலர். கலிஃபோர்னியாவில் வசந்த காலத்தில் எடுத்தார்கள். கதையிலோ இலையுதிர் காலம். காகித இலைகளுக்கு வண்ணம் பூசி, தெருவில் தூவி, காட்சி முடிந்ததும் பொறுக்கி எடுத்து அடுத்த காட்சிக்குத் தூவினார்கள். கூர்ந்து பார்த்தால் சில இடங்களில் பனை வகை மரங்கள் எட்டிப் பார்க்கும், இல்லினாயில் ஏது பனை! முகமூடி, ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கேப்டன் கிர்க் முகம். இரண்டு டாலருக்கும் குறைவாக வாங்கி, வெள்ளையடித்து, கண் ஓட்டையைப் பெரிதாக்கினார்கள். அதற்குள் இருந்த நிக் காசிலுக்கு நாளுக்கு 25 டாலர் சம்பளம். தயாரிப்பாளர் டெப்ரா ஹில் கார்பெண்டரோடு சேர்ந்து திரைக்கதையும் எழுதியவர். படத்தில் வரும் பெண்கள் நிஜப் பெண்களைப்போலப் பேசுவது அவர் கைவேலை. ஊருக்கு வைத்த பெயரும் நியூ ஜெர்சியில் அவர் வளர்ந்த ஊரின் பெயர்தான். படம் உலகம் முழுக்க ஏழு கோடி டாலர் அளவுக்கு வசூலித்தது. 2006இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது.

இன்னொரு தகவல், நம் ஊர்க்காரர்களுக்கு. ‘ஹாலோவீன்’ வெளியான அதே 1978 அக்டோபர் மாதக் கடைசியில்தான் இங்கே பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ வெளிவந்தது. அதிலும் தொடர் கொலையாளி, அதிலும் இசைதான் பாதி பயம், இளையராஜா. இவர் படத்தை அவரும் அவர் படத்தை இவரும் பார்த்திருக்க வழியே இல்லை. அதைப் பற்றிப் பேச இன்னொரு நாள் நிலையத்தார் அழைப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஐந்து எண்ணிக்கையும் மூச்சும் திறக்காத கதவும் உங்களுக்கு ஞாபகம் இருந்தால் எனக்குப் போதும். படம் கிடைத்தால் பாருங்கள், சின்னப் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு. முடிவில் கொலைகாரன் காணாமல் போனதும் வெறும் கூடம், வெறும் மாடிப்படி, இருட்டில் நிற்கும் வீடுகள் என்று ஒவ்வொன்றாக வரும். அங்கே மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். என்ன கேட்டது என்று நிலைய முகவரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், படித்துவிட்டுப் பதில் போடுகிறேன்.