சிலெம்ப்வேயின் தொப்பி

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2022-ஆம் ஆண்டு லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் ஒரு சிலையை நிறுத்தினார்கள். அகன்ற தொப்பி அணிந்த கறுப்பர் ஒருவர் ஓங்கி நின்றார். பக்கத்தில் ஒரு வெள்ளை மிஷனரி சிறிதாக நின்றார். கறுப்பரின் பெயர் ஜான் சிலெம்ப்வே. 1914-இல் எடுத்த ஒரு புகைப்படத்தைப் பார்த்து மலாவிக் கலைஞர் சாம்சன் கம்பாலு செய்தது. தொப்பியில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? மலாவிக்கு அன்று நியாசாலாந்து என்று பெயர். வெள்ளைக்காரன் எதிரே கறுப்பன் தொப்பியைக் கழற்றியாக வேண்டும் என்பது அங்கே வழக்கம். தோளில் துண்டு கூடாது, காலில் செருப்பு கூடாது என்ற கதைகளைப் பாட்டன் வாயால் கேட்ட நமக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

இந்தச் சிலெம்ப்வே யார்? ஜோசப் பூத் என்ற மிஷனரி வீட்டில் வேலைக்காரராக இருந்தவர். பூத் கொஞ்சம் விபரீதமான மனிதர். ஆப்பிரிக்கா ஆப்பிரிக்கருக்கே என்று 1897-இலேயே புத்தகம் போட்டவர். அவர்தான் சிலெம்ப்வேயை அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார். அங்கே கறுப்பர்கள் நடத்திய வேதாகமக் கல்லூரியில் படித்து, 1900-இல் பாதிரியாராகத் திரும்பினார் சிலெம்ப்வே. சிராட்சுலுவில் சொந்தமாக ஒரு மிஷன் தொடங்கினார். பள்ளிகள் திறந்தார். அவர் மனைவி ஐடா பெண்களுக்குத் தையல் கற்றுக் கொடுத்தார். செங்கல்லால் ஒரு பெரிய கோயிலும் எழும்பியது.

பக்கத்திலேயே மகோமெரோ எஸ்டேட். ஒன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல். அதன் சொந்தக்காரர் யார் தெரியுமா? அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்ட டேவிட் லிவிங்ஸ்டன் பாதிரியாரின் பேரன்! தாத்தா காலத்தில், 1861-இல், விடுவிக்கப்பட்ட அடிமைகளை மிஷனரிகள் குடிவைத்த ஊர் அதே மகோமெரோ. பேரன் காலத்தில் அங்கே ‘தங்காட்டா’. குடியிருக்கும் மண்ணுக்கு வாடகையாக உடல் உழைப்பு. தன் சோளத்தை விதைக்க வேண்டிய மழைக்காலத்தில் துரையின் பருத்திக் காட்டில் நிற்க வேண்டும். ஒரு மாதம் என்பார்கள்; அது நீண்டுகொண்டே போகும்.

அங்கே உழைத்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர்க்காரர்கள் அல்லர். போர்த்துக்கீசியர் ஆண்ட மொசாம்பிக்கிலிருந்து கொடுமை தாங்காமல் எல்லை தாண்டி வந்த லோம்வே மக்கள். வந்தேறிகள் என்று உள்ளூரார் ஏளனப் பெயர் வைத்தார்கள். நிலம் இல்லை, கேட்க நாதியில்லை. இவர்கள்தான் சிலெம்ப்வேயின் சபையில் வந்து சேர்ந்தார்கள். எஸ்டேட்டுக்குள் அவர்கள் கட்டிய ஜெபக் கூரைகளை மேனேஜர் எரித்தார். கூரைக்கு அடியில் எழுத்து படிக்கிறார்களே, அதுதான் ஆத்திரம்.

1914-இல் உலகப் போர் வந்தது. சிலெம்ப்வே பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார்: பணக்காரரும் நிலச்சுவான்தாரரும் வியாபாரியும் போய்ச் சாகட்டும், ஒன்றுமில்லாத நாங்கள் ஏன் சாக வேண்டும் என்பது அதன் சாரம். அது மக்களிடம் போகாமல் தணிக்கை தடுத்துவிட்டது. 1915 ஜனவரி 23 இரவு அவருடைய ஆட்கள் எழுந்தார்கள். மேனேஜர் உட்பட மூன்று வெள்ளையர் கொல்லப்பட்டனர். மேனேஜரின் தலையை வெட்டிக் கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். இதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. வெள்ளைப் பெண்களையும் குழந்தைகளையும் அவர்கள் தொடவில்லை என்பதும் உண்மை. பிப்ரவரி 3-இல் சிலெம்ப்வே சுட்டுக் கொல்லப்பட்டார். செங்கற்கோயிலை அரசாங்கம் வெடி வைத்துத் தகர்த்தது. விசாரணைக் குழுவும் எஸ்டேட் நடத்தையைக் குறை சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஆனாலும் தங்காட்டா தொடர்ந்தது.

மிஷன் என்றாலே ஏகாதிபத்தியத்தின் கைக்கூலி என்று சில தோழர்கள் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பணிவைக் கற்பிக்கத் திறந்த பள்ளிதான் பலருக்கு வாயையும் திறந்துவிட்டது.

இன்னொருவரைச் சொல்கிறேன். அதே நாட்டில் ஸ்காட்லாந்து மிஷனின் லிவிங்ஸ்டோனியா பள்ளியில் படித்தவர் கிளெமென்ட்ஸ் கடாலி. பிழைப்புத் தேடித் தெற்கே நடந்தார். 1919-இல் கேப் டவுனில் கறுப்புத் தொழிலாளருக்குச் சங்கம் கண்டார். அதே டிசம்பரில் துறைமுக வேலைநிறுத்தம். அந்த ஊர் மக்கள் மொழி ஒன்றும் அவருக்கு வராது. மிஷன் பள்ளியில் கற்ற ஆங்கிலத்தில் பேசுவார், பக்கத்தில் ஒருவர் மொழிபெயர்ப்பார். 1920-இல் அரசாங்கம் ‘நீ அந்நியன், வெளியேறு’ என்று உத்தரவு போட்டது. கடாலி போகவில்லை, எதிர்ப்பு எழுந்தது, உத்தரவுதான் வாபஸ் ஆயிற்று. 1927-இல் ஒரு லட்சம் உறுப்பினர் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அந்தச் சங்கம் வளர்ந்திருந்தது.