வந்து சேர்ந்ததா?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருச்சுழி ஒன்றியத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியர். கணினி ஆய்வகத்துக்கும் நானே பொறுப்பு. கணினியில் தொடங்கிக் கணக்கு வகுப்பில் முடிக்கிறேன்.

சென்ற ஆண்டு வினாத்தாள் கோப்பு ஒன்றை ஆய்வகத்தில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். நடுவில் மின்சாரம் போய்விட்டது. வந்தபின் பார்த்தால் கோப்பின் பெயர் இருக்கிறது, திறந்தால் திறக்கவில்லை. பாதிதான் வந்திருந்தது.

கோப்புகள் எப்படித்தான் போகின்றன என்று படிக்கத் தொடங்கினேன். எஃப்.டி.பி. என்னும் விதிமுறையை 1971-இல் எழுதியவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அபய் பூஷண் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் என்னை யோசிக்க வைத்தது அதற்குப் பின் வந்த, இன்னும் எளிய ஒன்று.

இணையம் வீடுகளுக்கு வருமுன் 'புல்லட்டின் போர்டு' என்னும் கணினி அறிவிப்புப் பலகைகள் இருந்தன. வீட்டுக் கணினியிலிருந்து தொலைபேசி வழியாக அழைத்துச் செய்தி எழுதலாம், கோப்பு எடுக்கலாம். முதல் பலகையை 1978 பிப்ரவரியில் சிகாகோவில் வார்டு கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் தொடங்கினார்கள். அன்றைய மோடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகளே போகும். கம்பியில் இரைச்சல் வந்தால் எழுத்து மாறிவிடும்.

இதற்கு கிறிஸ்டென்சன் 1977-லேயே ஒரு வழி செய்திருந்தார். எக்ஸ்மோடம் என்று அதற்குப் பெயர் வந்தது. கோப்பை 128 பைட்டுத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் இடும். பைட்டுகளின் மதிப்பைக் கூட்டி, 256-ஆல் வகுத்த மீதியையும் சேர்த்து அனுப்பும். பெறும் கணினி தானும் கூட்டிப் பார்க்கும். சரியென்றால் 'வந்தது', தவறென்றால் 'வரவில்லை'. 'வரவில்லை' என்றால் அதே துண்டு மறுபடி போகும். 'வந்தது' என்ற பதில் கிடைக்காமல் அடுத்த துண்டு போகாது.

இதைப் படித்தபோது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நினைவுக்கு வந்தாள். பருத்தி எடுக்கும் காலத்தில் அம்மாவோடு காட்டுக்குப் போய், எட்டு நாள் வரவில்லை. அந்த நாட்களில்தான் சமன்பாடு தொடங்கியிருந்தேன். திரும்பி வந்தவளிடம், "புரியுதாம்மா?" என்றேன். "புரியுது சார்" என்றாள். நானும் மேலே நடத்திக்கொண்டே போனேன். தேர்வில் 25-க்கு 4. "கணக்கு எனக்கு வராது சார், இந்த வருசத்தோட நின்னுக்கிறேன்" என்றாள்.

வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தது. பாடம் பாதிதான் சேர்ந்திருந்தது. 'வரவில்லை' என்று சொல்லக் கணினிக்கு வெட்கமில்லை. பிள்ளைகளுக்கு உண்டு. அதனால் "புரிந்ததா?" என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு கணக்கு. எல்லோரும் நோட்டில் போட்டுக் காட்ட வேண்டும். யார் எந்த நாள் வரவில்லை, அன்று என்ன நடத்தினேன் என்று ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். மதிய உணவுக்குப் பின் 15 நிமிடம், விடுபட்டது மட்டும்.

இன்னொன்று. இரண்டு பைட்டுகள் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது, எக்ஸ்மோடம் ஏமாந்துபோகும். அதனால் பின்னாளில் அதைவிடக் கடுமையான சோதனையைச் சேர்த்தார்கள். நாமும் விடையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். வழிமுறையைப் பார்க்க வேண்டும்.

அந்த மாணவியின் அம்மாவிடம் பேசினேன். மூன்று வாரம் மதியவேளைகளில் அந்த எட்டு நாள் பாடத்தையும் முதலிலிருந்து நடத்தினேன். இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். முதல் மதிப்பெண் வாங்கவில்லை. ஆனால் வகுப்பின் நடுவில் கையைத் தூக்கி, "இது வரல சார், திரும்பச் சொல்லுங்க" என்கிறாள். அவளைப் பார்த்து இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள்.

வழக்கமாகப் பத்து முறை தவறினால் எக்ஸ்மோடம் இணைப்பை விட்டுவிடும். நாம் பதினொன்றாவது முறையும் சொல்லிக்கொடுப்போம்.