விவரம் சொல்பவர் எல்லாம் கம்பெனி ஆள் அல்ல
(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கிரிப்டோ வாங்கலாமா, கூடாதா என்று சொல்ல நான் வரவில்லை. வாங்கி வைத்திருப்பவர்கள் நம் குடியிருப்பிலும் இருப்பீர்கள். உங்களுக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

காயின்பேஸ் என்பது அமெரிக்காவின் பெரிய கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச். 2025 மே மாதம் அது ஒரு திருட்டை வெளியில் சொன்னது. வெளிநாட்டில் அதன் வாடிக்கையாளர் சேவையில் இருந்த சிலருக்கு லஞ்சம் கொடுத்து, 69,461 பேரின் விவரங்களை எடுத்துவிட்டார்கள். பெயர், முகவரி, போன் நம்பர், அடையாள அட்டையின் படம், கணக்கு இருப்பு வரை அதில் இருந்தன. திருடர்கள் 2 கோடி டாலர் கேட்டு மிரட்டினார்கள். நிறுவனம் மறுத்தது; அவர்களைப் பிடிக்க உதவுவோருக்கு அதே தொகையைப் பரிசாக அறிவித்தது.

இதில் பாஸ்வேர்டு எதுவும் திருடுபோகவில்லை. பிறகு எப்படிச் சிலருடைய பணம் போனது? கம்பெனியிலிருந்து பேசுவதாக ஒருவர் கூப்பிட்டார். அவருக்கு எல்லா விவரமும் தெரிந்திருந்தது. நம்பியவர்கள் தம் கையாலேயே அனுப்பிவிட்டார்கள்.

வங்கி கவுன்டரில் கணக்கு நம்பரைச் சொன்னவுடன் நாங்கள் பணத்தை எடுத்துக் கொடுத்ததில்லை. கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கொடுப்போம். போன் வரும்போது கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் நீங்கள். சரிபார்க்க வேண்டியதும் நீங்கள்தான்.

உங்கள் எக்ஸ்சேஞ்சில் விவரம் கசிந்தது என்று தெரிந்தால் இவற்றைச் செய்யுங்கள்:

1. வருகிற அழைப்பில் எதையும் பேசி முடிக்காதீர்கள். வைத்துவிட்டு, ஆப்பைத் திறந்து நீங்களே தொடர்புகொள்ளுங்கள்.
2. பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டு ஈமெயிலுக்கும் இருந்தால் அதையும் மாற்றுங்கள்.
3. எஸ்எம்எஸ் ஓடிபிக்குப் பதில் ஆதென்டிகேட்டர் ஆப் வைத்துக்கொள்ளுங்கள்.
4. நீங்கள் பதிவு செய்த முகவரிகளுக்கு மட்டுமே பணம் போகும்படி கட்டுப்பாடு இருந்தால் போட்டுவிடுங்கள்.
5. 'பாதுகாப்பான வாலட்டுக்கு மாற்றுங்கள்' என்றால் அது மோசடிதான். வாலட்டின் ரகசியச் சொற்களை யாருக்கும் சொல்லாதீர்கள்; யாரோ தருகிற சொற்களைக் கொண்டு வாலட் தொடங்கவும் வேண்டாம்.

வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. கிரிப்டோவுக்குக் கிடையாது. அனுப்பியதை ரத்து செய்யவும் வழியில்லை.

அப்படியும் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் திருடனுக்குத்தான் லாபம்.