முழங்கால்: வலித்தால்தான் நினைவுக்கு வரும் மூட்டு



பத்துமலையில் 272 படிகள். ஏறுகிறவர்கள் மூச்சு வாங்குவதைப் பற்றித்தான் பேசுவார்கள். இறங்கி வந்த பிறகு பேச்சு மாறிவிடும். "ஏறும்போது ஒன்னும் தெரியல, இறங்கும்போதுதான் முட்டி பிடிச்சிக்கிச்சு" என்று பெரியவர்கள் உட்கார இடம் தேடுவார்கள். அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. படி இறங்கும்போது உடலின் எடை முழுவதையும் ஒற்றைக் காலில் தாங்கி, முட்டியை மடக்கிக்கொண்டே மெதுவாக இறக்க வேண்டியிருக்கிறது. சமதரையில் நடக்கும்போதே ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு சுமை முழங்காலில் விழுகிறது. படிகளில் அது இன்னும் கூடும்.

இவ்வளவையும் தாங்கும் முழங்கால்தான் மனித உடலின் மிகப் பெரிய மூட்டு. மேலே தொடை எலும்பு, கீழே கணைக்கால் எலும்பு, முன்னால் முட்டிச் சில்லு ஆகிய மூன்றும் இங்கே கூடுகின்றன. சில்லைப் பற்றிய ஒரு செய்தி பலருக்குத் தெரியாது. பிறந்த குழந்தைக்கு அது எலும்பாக இருப்பதில்லை, வெறும் குருத்தெலும்புதான். ஏறக்குறைய மூன்று வயதுக்கு மேல்தான் சிறிது சிறிதாக எலும்பாகிறது.

எலும்பு முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. நடுவே பிறை நிலா போல வளைந்த இரண்டு திண்டுகள் அதிர்ச்சியைத் தாங்குகின்றன. கவனிக்க வேண்டியது என்னவென்றால், எலும்பை மூடிய அந்தக் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டுக்குள் ஊறும் சிறிதளவு திரவத்திலிருந்துதான் அதற்கு ஊட்டம். காலை ஊன்றும்போது பஞ்சைப் பிழிந்தது போல் திரவம் வெளியேறி, தூக்கும்போது மறுபடியும் ஊறுகிறது. வலிக்கிறதே என்று நாற்காலியிலேயே முடங்கிவிட்டவரின் முட்டி மேலும் கெட்டுப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எலும்புகளை விலகாமல் கட்டி வைத்திருப்பவை நான்கு முக்கியத் தசைநார்கள். உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, நடுவில் பெருக்கல் குறிபோல் இரண்டு. 2017 பிப்ரவரியில் பயிற்சியின்போது வழுக்கி விழுந்து லீ சோங் வெய் காயப்படுத்திக்கொண்டது உள்பக்கத் தசைநாரை. அது பெரும்பாலும் தானாகவே கூடிவிடும். மறுமாதமே அவர் அகில இங்கிலாந்துப் பூப்பந்துப் பட்டத்தை வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் முதல் ஆட்டத்தை வென்றிருந்த ஸ்பெயினின் கரோலினா மரின் கண்ணீரோடு வெளியேறினாரே, அவருக்குக் கிழிந்தது நடுவிலுள்ள முன்பக்கத் தசைநார். அது எளிதில் கூடுவதில்லை. சனி, ஞாயிறுகளில் காற்பந்து ஆடும் இளைஞர்களுக்கும் இதே காயம் நேர்கிறது. திரும்பும்போது 'டப்' என்று ஒரு சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம். உடனே தைலம் போட்டு உருவிவிட ஆள் தேடுகிறார்கள். தேட வேண்டியது மருத்துவரை.

வயதானவர்களின் கதை வேறு. குருத்தெலும்பு மெலிந்து, காலையில் எழுந்ததும் முட்டி விறைத்திருக்கும், மடக்கும்போது நெரிக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம். வலி தாங்காதவர்கள் பாசார் மாலாமில் விற்கும் மாத்திரைகளையும் ஜாமுவையும் வாங்கி விழுங்குகிறார்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டால் சந்தேகப்பட வேண்டும். பதிவு பெறாத இத்தகைய பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டறியப்பட்டு, மலேசிய சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. முட்டிக்காகச் சாப்பிட்டது நீரிழிவைக் கூட்டி, எலும்பையும் பலவீனமாக்கிவிடும்.

மருத்துவமனைச் சிகிச்சை எல்லாமே பலன் தருவது என்றும் சொல்வதற்கில்லை. துளை போட்டு, குழாய் செலுத்தி, தேய்ந்த மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்யும் முறை ஒரு காலத்தில் மிகப் பிரபலம். அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் 180 நோயாளிகளிடம் அது சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2002இல் வெளியாயின. சிலருக்கு உண்மையான சிகிச்சை. சிலருக்குத் தோலில் வெட்டுப் போட்டுத் தைத்ததோடு சரி. யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகள் கவனித்ததில், உண்மைச் சிகிச்சை பெற்றவர்களின் வலி மற்றவர்களைவிடக் குறையவே இல்லை!

செலவில்லாத வழிதான் நன்றாக வேலை செய்கிறது. எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டிச் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. நாசி லெமாக்கை அடியோடு விட வேண்டாம், தினமும் வேண்டாம். அடுத்தது தொடையின் முன்தசை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. தொலைக்காட்சி நாடகத்தில் விளம்பரம் வரும் நேரம் போதும்.

இவற்றுக்கும் அடங்காமல் இரவுத் தூக்கமே கெடும்போதுதான் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. "கத்தி வைச்சா அப்புறம் நடக்கவே முடியாதாம்" என்று பயந்து பத்து ஆண்டுகளை வீட்டுக்குள்ளேயே கழிக்கும் பாட்டிமார்கள் இன்னும் இருக்கிறார்கள். 2019இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வின்படி, முழுமையாக மாற்றப்பட்ட முட்டிகளில் பத்தில் எட்டு 25 ஆண்டுகள் வரை தாக்குப்பிடிக்கின்றன.

ஒரே ஒரு நிலையில் மட்டும் தைலமும் வேண்டாம், தள்ளிப்போடுதலும் வேண்டாம். ஒரு முட்டி திடீரென்று சிவந்து, வீங்கி, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்துகொண்டால் மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். சில நாள்களிலேயே அது குருத்தெலும்பை அரித்துவிடும். அன்றைக்கே, இரவானாலும், மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.